கொலுசும் பல்லும்

பதினாறு வருஷமாகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள் ஜெனிதா. 2025 நவம்பரில் ஒரு நண்பகல் மலை சரியத் தொடங்கியபோது அவள் பொறுப்பில் பதினொரு பிள்ளைகள். நடக்கிற எட்டுப் பேரையும் கோயிலுக்கு ஓட்டிவந்தாள். தொட்டிலில் தூங்கிய டிலுக்ஷி, தனுஜா என்ற பெண்பிள்ளைகளையும் பையன் மிலானையும் தூக்கிவர உதவியாள் தெரேசாவும் தோட்டத் தொழிலாளி அழகனும் போனார்கள். வந்தது இரண்டுதான். அவற்றையும் போர்வையோடு அப்படியே ஆட்களை ஏற்றிப்போன முதல் லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

"மூணாவது எங்க?"

"அண்ணன் ரெண்டு தூக்குவாருன்னு நெனச்சேன் அக்கா," என்றாள் தெரேசா.

ஜெனிதா கணக்குப் போட்டாள். பெண்பிள்ளைகளின் அம்மாமார் பக்கத்து ஃபெக்டரியில் வேலை. விட்டுப்போனது பெண் என்றால் அவர்கள் வந்து எடுத்திருப்பார்கள். மிலானின் அம்மாவோ ஹட்டனுக்குப் போயிருந்தாள்.

"மூஞ்சியப் பாத்தியா?"

"அந்த மழையில எங்க பாக்குறது! கொலுசு சத்தம் கேட்டுச்சு."

மிலானுக்குக் கொலுசு கிடையாது. அப்படியானால் அது பெண். "அண்ணே, உங்களுது?"

"தோள்ல கடிச்சு ரத்தமே வந்திருச்சும்மா," என்றார் அழகன்.

மிலானுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. ஆக, இதுவும் பெண்தான்.

"ஐயோ, மிலான் அங்கேயே கெடக்கான்!"

அழகன் திரும்பி ஓடினார். கால்மணி நேரம் கழித்து, சேறும் அழுகையுமாக மிலான் ஜெனிதாவின் மடிக்கு வந்தான்.

மறுவாரத்திலிருந்து பிள்ளைக்காம்பரா கோயில் மண்டபத்தில் நடக்கிறது.