அலை கடந்தால் ஒரு கை

உல்லாசக் கப்பலில் வேலை செய்தவன் என்றால் ஊரில் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். நீச்சல் குளம், பாட்டுக் கச்சேரி, விதவிதமான சாப்பாடு எல்லாம் எனக்கும் சேர்த்து நடந்தது என்று நினைப்பு. போன கிழமை மதுரங்குளிச் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர், "உனக்கென்ன மச்சான், ஆறு வருஷம் சொர்க்கத்திலல்லோ இருந்திட்டு வந்திரிக்கிறாய்" என்றார். எனக்கு வந்த எரிச்சலில் பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அந்தச் சொர்க்கத்தில் என் இடம் எது தெரியுமா? கப்பலின் பின்புறம், கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, கூரை தாழ்ந்த ஓர் இரும்புக் கூடம். கப்பலைக் கரையோடு கட்டும் கயிறுகள் அங்கேதான் சுற்றிக் கிடக்கும். தொடையளவு தடிப்பு. அவற்றை இழுக்கவும் விடவும் பெரிய பெரிய வின்ச்சுகள். கூடத்தின் இரண்டு பக்கச் சுவரிலும் கடைசிச் சுவரிலும் ஆள் நிற்கும் உயரத்துக்குத் திறப்புகள். அந்தத் திறப்புகளுக்கு வெளியே தெரிந்ததுதான் நான் பார்த்த உலகம். ஊர் ஊராய்ப் போனேன் என்று பெயர், நான் பார்த்ததோ ஜெட்டி, ஜெட்டி, இன்னுமொரு ஜெட்டி.

அவ்வளவு பெரிய கப்பல் கரையை விட்டுப் போவது எங்கள் ஊர் போட்டைப்போல முன்னால் ஓடியல்ல. முதலில் துறைமுகத்து பைலட் ஏறுவார். கப்டனுக்கு அந்தத் துறையின் ஆழமும் நீரோட்டமும் சொல்லிக்கொடுப்பது அவர்தான். பிறகு கயிறுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவோம். கடைசியில் முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு மட்டும் மிஞ்சும். அதையும் விட்டதும் கப்பலின் அடியில் குறுக்காகப் பதித்த விசிறிகள் சுழலும். பத்துமாடி உயரக் கப்பல் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து கரையை விட்டு விலகும். மேலே சனம் கைதட்டும், பாண்ட் வாசிக்கும். கீழே நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஏனென்றால் பின்பக்கத்துக் கயிறு தண்ணீரில் கிடக்கும்வரை கப்டனால் கப்பலை முன்னால் தள்ளும் பெரிய விசிறிகளைச் சுழற்ற முடியாது. கயிறு அதில் சுற்றினால் முடிந்தது கதை. கயிறு முழுக்க உள்ளே வந்த பிறகு, "பின்னால் எல்லாம் சரி" என்று நாங்கள் வாக்கிடோக்கியில் சொன்னால்தான் கப்பல் போகும்.

கப்பல் துறைமுகத்து வாயைக் கடந்ததும் நான் கடைசித் திறப்புக்குப் போய் நின்று, கரையைப் பார்த்து ஒரு கை உயர்த்துவேன். எந்த நாடென்றாலும் சரி. கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரர்கள், இந்த ஊரிலும் உனக்கு ஒருத்தி இருக்கிறாளா என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்?

எங்கள் வீடு கற்பிட்டிக்குக் கிட்ட, வெளிக்கடல் பக்கம். தொண்ணூறில் முஸ்லிம்கள் என்று மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வள்ளத்தில் வந்து இறங்கிய சனம் நாங்கள். அப்போது நான் உம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். வாப்பா இங்கேயும் கடலுக்குத்தான் போனார். அவருக்குப் பிறகு தம்பி போகிறான், உம்மா செல்லத்துக்கு எங்களையும் வாப்பா என்றே கூப்பிடுவார். எங்கள் கரையில் அலை கரைக்குப் பக்கத்திலேயே உடையும். போட்டைத் தள்ளி ஏறி அந்த மூன்று நான்கு அலைகளைத் தாண்டுவதுதான் பயம். தாண்டிவிட்டால், எஞ்சின் பிடித்திருப்பவர் திரும்பிப் பார்த்து ஒரு கை உயர்த்துவார். அது போய்வருகிறேன் என்பதல்ல. "அலை கடந்துவிட்டோம், இனி நீங்கள் வீட்டுக்குப் போகலாம்" என்று அர்த்தம். அந்தக் கையைக் காணாமல் கரையில் நிற்கிறவர் திரும்பக்கூடாது. கடக்காமல் பொய்க்குக் கை தூக்கவும் கூடாது.

இதில் உம்மா வலு பிடிவாதம். ஒருநாள் தம்பி கை காட்ட மறந்துவிட்டுப் போய்விட்டான். உம்மா வெயில் ஏறும்வரை கரையில் நின்றார். அடுப்பில் வைத்த சோறு கரியாகிவிட்டது. ராத்தா, என் மூத்த சகோதரி, போய்க் கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. பின்னேரம் தம்பி மீனோடு வந்தபோது உம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் பேச்சில்லை. அப்படிப்பட்ட மனுசி.

அந்த உம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. நான் கடைசி ஒப்பந்தத்தில் கப்பலேறிய நாலாம் மாதம் ராத்தா போன் எடுத்து அழுதாள். டொக்டர்மார் இனி பெரிதாக ஒன்றும் சொல்வதற்கில்லை என்றுவிட்டார்களாம். உம்மா என்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். எங்கள் கப்பல் கொழும்புக்கு வரும் நாள் கிட்டத்தில் இருந்தது. விடிய ஆறு மணிக்குக் கட்டுவது, பின்னேரம் ஆறு மணிக்கு அவிழ்ப்பது. போக நாலு மணித்தியாலம், வர நாலு மணித்தியாலம். நாலரைக்குள் கப்பலில் நிற்க வேண்டும். இறங்கி ஏறும் நேரம் போக, உம்மாவோடு ஒரு மணித்தியாலமாவது இருக்கலாம். எங்கள் மேலாள், போசன் என்போம், நல்ல மனுசன். போ என்றுவிட்டான். ஒரு மணித்தியாலம் போதுமென்றுதான் நானும் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் போதும்.

அல்லாஹ்வின் நாட்டம் வேறு. எங்களுக்கென்று இருந்த இடத்தில் வேறொரு கப்பல் நேரத்துக்குப் போகாமல் கிடந்தது. விடிய ஆறு மணிக்கு நாங்கள் துறைமுகத்துக்கு வெளியே மிதந்துகொண்டிருந்தோம். கரை தெரிகிறது, கொழும்பின் கட்டடங்கள் தெரிகின்றன, போகத்தான் முடியவில்லை. பத்து மணிக்குத்தான் பைலட் ஏறினார். உள்ளே போய், இரண்டு இழுவைப் படகுகள் தள்ள, கப்பலை அப்படியே ஒரு வட்டம் திருப்பி, முகம் வெளிவாசலைப் பார்க்கும்படி பின்வளமாகக் கொண்டுபோய்க் கட்டினோம். கடைசிக் கயிற்றை இறுக்கியபோது பதினொன்றரை. போசன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். போய்வர நேரம் காணாது.

நான் போன் எடுத்து, "ராத்தா, எனக்கு வரேலாது" என்றேன். அவள் அதை அப்படியே உம்மாவிடம் சொன்னாள். பிறகு உம்மாவின் குரல் கேட்டது.

"அவனுக்கு வரேலாட்டி நாம போவம். வானுக்குச் சொல்லுங்க."

"உம்மா, உங்களுக்கு ஏலாது உம்மா" என்று நான் கத்தினேன்.

"நீ வாயப் பொத்து. எனக்கு ஏலும்."

மச்சான், ராத்தாவின் புருசன், பக்கத்து வீட்டு வானைப் பிடித்து, பின் இருக்கையில் மெத்தை விரித்து உம்மாவைக் கிடத்தினார். பன்னிரண்டுக்குப் புறப்பட்டார்கள். நான் துறைமுகத்து வாசலுக்கு வெளியே போய் இரண்டு மணியிலிருந்து நின்றேன். கையில் உம்மாவுக்கு வாங்கிய ஒரு சால்வை. மதுரங்குளியில் உம்மா வாந்தி எடுத்தாராம், அரை மணித்தியாலம் நிறுத்தினார்களாம். சிலாபத்தில் பார்மசிக்கு இறங்கினார்களாம். நீர்கொழும்பு தாண்டியதும் றோட்டு முழுக்க வாகனமாம். நாலு மணிக்கு மச்சான் சொன்னார், "இந்தா வத்தளைக்கு வந்திட்டம், நில்லு நில்லு." நாலேகாலுக்கும் வத்தளை. நாலு இருபத்தைந்துக்கும் அதே வத்தளை. வாசலில் நின்ற காவலாளிக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும், கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னான். எனக்கு இருக்க முடியவில்லை. போசன் போன் எடுத்துக் கூப்பிட்டதும் சால்வையை அந்தக் கதிரையில் வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். ஏன் வைத்தேன், ஏன் கொண்டுபோகவில்லை என்று இன்றைக்கும் தெரியாது.

ஓடும்போதே ராத்தாவிடம் சொன்னேன், துறைமுகத்துக்குப் பக்கத்து முகத்துவாரம் கடற்கரைக்குப் போங்கள், கப்பல் அந்தப் பக்கத்து வாயால்தான் போகும் என்று. கப்பலின் கடைசியில், கீழே ஒரு பெரிய திறப்பு இருக்கும், அதில் நிற்பேன், மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்து உயர்த்துவேன் என்றேன்.

உம்மா போனை வாங்கினார். "கை காட்டுவாய்தானே?"

"ஓம் உம்மா. அலை கடந்ததும் காட்டுவன்."

"கண்டிட்டுத்தான் நான் போவன்."

ஆறு மணிக்கு அவிழ்க்கத் தொடங்கினோம். மேலே பாண்ட் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு கயிறாக வந்தது. கடைசிக் கயிறு என்னுடையது, வின்ச்சின் பிடி என் கையில். கரையில் நின்றவன் இரும்புக் கட்டையிலிருந்து கயிற்றின் வளையக் கண்ணைக் கழற்றித் தண்ணீரில் போட்டான். கப்பல் நண்டு மாதிரி விலகத் தொடங்கியது. கயிற்றை நிதானமாக, சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றாக விழும்படி இழுக்க வேண்டும். ஆறு வருஷம் அப்படித்தான் இழுத்தேன். அன்றைக்கு என் மனம் அந்தத் திறப்பில் இருந்தது. சீக்கிரம் முடித்துவிட்டு அங்கே போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பிடியை முழுக்கத் தள்ளினேன். ஈரக் கயிறு துள்ளி வந்து, சுற்றுக்கு மேல் சுற்று ஏறி, உள்ளுக்குள் புதைந்து இறுகிவிட்டது. முன்னுக்கும் வராது, பின்னுக்கும் போகாது. மிச்சக் கயிறு கடலில்.

போசன் என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. மேலேயிருந்து வாக்கிடோக்கியில் கேட்டபடி இருந்தார்கள், "பின்னால் சரியா, பின்னால் சரியா?" கப்பல் துறைமுகத்துக்குள்ளேயே பெரிய விசிறி இல்லாமல் நின்றது. இழுவைப் படகு வந்து பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. தொங்கிய கயிற்றை ஐந்து பேர் கையால் இழுத்துத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கட்டினார்கள். உடனே கப்பல் புறப்பட்டது. இறுகிய சுற்றை இரும்புக் கோலால் நெம்பி எடுக்கும் வேலை எனக்கு. என் பிழை, நான்தான் எடுக்க வேண்டும். குனிந்து நெம்பிக்கொண்டே இருந்தேன். கப்பல் துறைமுகத்து வாயைக் கடக்கும்போது காலடியில் வரும் அந்த ஆட்டம் வந்தது. வெளிக்கடல். பத்து அடி தூரத்தில் திறப்பு. "ஒரு நிமிஷம்" என்றேன். போசன் என் தோளை அமத்தினான். பிழை சொல்ல மாட்டேன், அவனுக்கு உம்மா கதை தெரியும், கரையில் நிற்கிறார் என்று தெரியாது.

நெம்பி முடித்துத் திறப்புக்கு ஓடியபோது கரை ஒரு கறுப்புக் கோடு. அதில் எது முகத்துவாரம், எது வான், எது உம்மா? நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். பிறகு மாட்டிக்கொண்டேன். இனிக் காட்டி என்ன?

போன் அடித்தது. உம்மா.

"கண்டன் வாப்பா. உன்ட கையக் கண்டன். மஞ்சளா தெரிஞ்சிச்சு. அலை கடந்திட்டாய். இனி நாங்க போறம்."

எனக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. எவனோ ஒருவன் வேறொரு திறப்பில் நின்று கை காட்டியிருப்பான், உம்மா அதை நானென்று நினைத்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ் என்று நினைத்தேன்.

"ஓம் உம்மா" என்றேன். "காட்டினன்."

வான் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி வாப்பா" என்றார். அத்தோடு சிக்னல் போய்விட்டது.

மறுநாளே உம்மாவைப் புத்தளத்தில் ஹொஸ்பிட்டலில் வைத்தார்கள். பிறகு பேச்சில்லை. ஒன்பதாம் நாள் மௌத்தாகிவிட்டார். செய்தி எனக்குக் கிடைத்தபோது ஜனாஸா அடக்கியாகிவிட்டது. நாலு பக்கமும் தண்ணீர், அந்த இரும்புக் கூடத்தில் கயிற்றின் மேல் குந்தியிருந்து அழுதேன்.

நாற்பதாம் நாள் ஓதிச் சாப்பாடு கொடுக்கும் கத்தத்துக்கு வந்து சேர்ந்தேன். வந்த சனமெல்லாம் ஒரே பேச்சுத்தான். "உம்மாட முகத்த நீ பாக்காட்டியும், அவ உன்ட கையக் கண்டிட்டுத்தானே போனா. அது போதும் மகன்." நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். எல்லோரும் போன பிறகு ராத்தா குசினியில் சாப்பிட்ட சஹன் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய், ஆறுதலுக்குத்தான், உம்மா என் கையைக் கண்டபோது என்ன சொன்னார் என்று கேட்டேன்.

ராத்தா கழுவுவதை நிறுத்தவில்லை. "நீ கை காட்டல்லயே தம்பி" என்றாள்.

கப்பல் முழுசாக அவர்களைக் கடந்து போனதாம். உம்மாவுக்கு மற்றதெல்லாம் பழுது, தூரப்பார்வை மட்டும் ஊசி மாதிரி. கடைசித் திறப்பைச் சரியாகக் கண்டுபிடித்து, "அந்தா, அதான், ஒருத்தரும் இல்ல" என்றாராம். வான் கதவைத் திறந்துவைத்து, கப்பல் சின்னதாகப் போகும்வரை பார்த்தாராம். மச்சான் போவோம் என்று சொல்ல, கையை ஓங்கி அடிக்கப் போனாராம். கடைசியில் ராத்தாவிடம் போனைக் கேட்டு வாங்கினாராம்.

"என்ன சொன்னா தெரியுமா? புள்ளைக்கு ஏதோ வேலை இறுகிட்டு. காணல்ல எண்டு தெரிஞ்சா மனசு உடைஞ்சிருவான். கண்டதெண்டு சொல்லப் போறன், நீங்களும் அப்படியே சொல்லணும் எண்டா. மச்சானையும் சத்தியம் பண்ண வச்சா."

"பிறகு?"

"பிறகு உன்னோட பேசினா. போனை வச்சிட்டு ஊர் வரும் வரைக்கும் ஒண்டும் பேசல்ல."

நான் கப்பலுக்குத் திரும்பிப் போகவில்லை. இப்போது தம்பியின் போட்டில் எஞ்சின் பிடிக்கிறேன். அலை கடந்ததும் தம்பி என்னைத் திரும்பிப் பார்ப்பான். என் கை எழும்புவதில்லை, அவன்தான் தூக்குகிறான்.

கடக்காமல் பொய்க்குக் கை தூக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் உம்மா. அவரிடம் நான் கடைசியாகச் சொன்ன சொல் "காட்டினன்." அது பொய்யென்று தெரிந்துகொண்டுதான் அவர் "சரி வாப்பா" என்றிருக்கிறார்.