மூழ்கிய கருவேலங்காட்டில் ஒரு காலை

ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, கோவை மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்தில் வண்டி ஏறினேன். மேட்டுப்பாளையத்துக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர், முப்பது ரூபாய். பையில் அளவுகோல், சிறு தராசு, மீனுடலைக் கெடாமல் வைக்கப் பார்மலின் ஊற்றிய இரண்டு பாட்டில்கள், அனுமதிக் கடிதம். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். பவானிசாகர் அணையில் நீர் ஏறும்போது கரையோர முள்காடு சில மாதங்கள் மூழ்கிக் கிடக்கும். அந்த மரங்களுக்குள் எந்த மீன்கள் வந்து நிற்கின்றன, திறந்த நீரில் எவை உள்ளன என்று பார்த்துவரத்தான் இந்தப் பயணம்.

மேட்டுப்பாளையத்தில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுச் சிறுமுகைக்கு நகரப் பேருந்தில் போனேன். பெண்களுக்குச் சீட்டுக்குக் காசில்லை. அங்கிருந்து லிங்காபுரம் வழியாக ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். ஓட்டுநர் வழியெல்லாம் தண்ணீரைப் பற்றியே பேசினார். நீலகிரியில் பெய்த மழையில் இந்த வருடம் சீக்கிரம் ஏறிவிட்டதாம். குலை தள்ளிய வாழை இரண்டே நாளில் முழுகிவிட்டதாம். சாலை ஓரிடத்தில் நேராகத் தண்ணீருக்குள் இறங்கிப் போனது. அங்கே ஆட்டோ நின்றது.

மணி எட்டேகால். கரையில் பழனிச்சாமி காத்திருந்தார். இந்தப் பக்கத்து மீனவர். ஒரு வாரமாகத் தொலைபேசியில் பேசிவந்தவர். வலது கை வீங்கியிருந்தது. முந்தின நாள் கெளுத்தியின் முள் ஏறிவிட்டது என்றும், தன் அண்ணி ராசாத்தி பரிசல் போடுவார் என்றும் சொன்னார். ராசாத்திக்கு நாற்பது வயதிருக்கும். ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டையைப் புடவைமேல் போட்டிருந்தார். என்னை ஏற்றி உட்காரவைத்து, "நடுவால உக்காருங்க டீச்சர், அசையாதீங்க" என்றார்.

முதலில் திறந்த நீருக்குப் போனோம். முதல்நாள் மாலை அவர்கள் போட்டிருந்த வலையை ராசாத்தி இழுத்தார். ஜிலேபி, ஜிலேபி, மறுபடியும் ஜிலேபி. அவற்றுக்கு நடுவே இரண்டு கட்லா, ஒரு ரோகு. இந்த மூன்று வகையும் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. ஆற்றுக்கே உரிய மீன் ஒன்றுகூட இல்லை. அளந்து எழுதிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு, வடகரையில் தலை மட்டும் தெரிந்த மரக்கூட்டத்தைக் காட்டி, அதற்குள் போக வேண்டும் என்றேன். ராசாத்தியின் கையில் துடுப்பு நின்றது.

"அங்கயா போகோணுங்க?"

"ஆமாங்க. அதுக்குத்தான் வந்தேன்."

அவர் கரையைத் திரும்பிப் பார்த்தார். பழனிச்சாமி சிறிய உருவமாகத் தெரிந்தார்.

"எங்கூட்டுக்காரர் அங்கதானுங்க போனார்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. கணவர் இறந்ததைச் சொல்கிறார் என்று பிறகுதான் உறைத்தது. தொலைபேசியில் நான் 'அணை மீன்' என்றுதான் சொல்லியிருந்தேன். மரங்களைப் பற்றிச் சொல்லவில்லை. வேண்டாம், வேறு இடம் போகலாம் என்றேன். பரிசல் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. ராசாத்தி தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார்.

"வேற பக்கம் மரத்துக்குள்ள எனக்கு வழி தெரியாதுங்க. இங்க தெரியும். போலாம்" என்று துடுப்பு வலிக்கத் தொடங்கினார்.

உள்ளே போனதும் காற்று நின்றுவிட்டது. கருவேலமும் வெள்வேலமும் கழுத்தளவு நீரில் நின்றன. நீரின் நிறம் தேநீர் டிகாக்‌ஷன் போல மாறியிருந்தது. முழுகிய கிளைகளில் வழுவழுப்பான பாசி. கையை விட்டுத் தடவினால் அதில் சிறு புழுக்கள் நெளிந்தன. மீன்களுக்கு அதுதான் சாப்பாடு. மேலே இன்னும் காயாத இலைகள். ராசாத்தி துடுப்பைக் கிளையில் இடிக்காமல் வலித்தார். இரண்டு மரங்களுக்கு இடையே, தரை தட்டுப்பட்ட ஓரிடத்தில், பத்து மீட்டர் வலையைக் கட்டினோம். பக்கத்தில் முழுகிக் கிடந்த புல்மேட்டில் மீன் பிடிக்கும் மூங்கில் கூடு ஒன்றை இறக்கினோம். பிறகு ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் அவர் சொன்னார். கேட்காமலே சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்பு, இதேபோல் நீர் ஏறிய சமயம். கணவர் தனியாக வந்திருக்கிறார். வலை கிளையில் மாட்டியிருக்கிறது. விடுவிக்கக் குனிந்தவர் விழுந்திருக்கிறார். நன்றாக நீந்தத் தெரிந்தவர்தான். ஆனால் கால் வலையில் சிக்கிவிட்டது. மறுநாள் மதியம் பழனிச்சாமிதான் கண்டெடுத்தார். அன்றிலிருந்து ஊரில் யாரும் இந்த மரங்களுக்குள் வலை போடுவதில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. அப்படியே நின்றுபோனது.

பதினொன்றேகாலுக்கு வலையைத் தூக்கினோம். ராசாத்தி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நான் ஈரத்துணிமேல் வைத்து அளந்து திரும்ப நீரில் விட்டேன். விரால், குரவை, ஆரால், உளுவை, இரண்டு வகைக் கெளுத்தி, கறுப்புப் புள்ளி வைத்த சிறு கெண்டைகள் மூன்று வகை, வேறு சிறுமீன்கள் மூன்று வகை. மீன்கூட்டில் விரல்நீளக் குஞ்சுகள் திரண்டு கிடந்தன. ஜிலேபியும் இருந்தது, ஆனால் பத்தோடு பதினொன்றாக. எண்ணி முடித்தபோது பதினான்கு வகை. அரை கிலோமீட்டர் தள்ளி, அதே தண்ணீரில், மூன்றே வகை.

அந்தப் பதினான்காவது வகை கடைசியாக வந்தது; வலையின் அடியில் கனமாக இழுத்தது. ராசாத்தி இரண்டு கையாலும் தூக்கினார். கரிய உடல், குட்டையான முகம், நிமிர்ந்த முதுகுத் துடுப்பு. காவிரிக்கும் அதன் கிளையாறுகளுக்கும் மட்டுமே உரிய கருமுழிக் கெண்டை. புத்தகத்தில் பார்த்துப் பாடம் நடத்தியிருக்கிறேன், உயிரோடு கண்டதில்லை.

"சினையா இருக்குதுங்க" என்றார் ராசாத்தி. வயிறு உப்பியிருந்தது.

பார்மலின் பாட்டில் காலடியில் இருந்தது. இப்படி ஒரு மீனைக் கண்டேன் என்று வெறும் வாயால் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள், உடல் வேண்டும். அதற்காகத்தான் பாட்டிலைச் சுமந்து வந்தேன். மூடியைத் தொடவும் செய்தேன். ராசாத்தி மீனைத் தண்ணீரில் அமிழ்த்திப் பிடித்தபடி, வாயைத் திறந்து மூடும் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலை விட்டுவிட்டு ஆறு படம் எடுத்தேன். விடுங்கள் என்றேன். அது உடனே போகவில்லை. அவர் உள்ளங்கைமேல் சற்று நேரம் நின்றது. பிறகு கிளைகளுக்கு நடுவே இறங்கியது.

திரும்பும் வழியில் ராசாத்தி கேட்டார்: "இதை எழுதிப்போட்டா ஆளுங்க வருவாங்களா?"

வரலாம் என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"எடத்தை மட்டும் எழுதாதீங்க. அவர் போனதால மீன் பொழைச்சுதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க. ஆனா அது பொழைச்சுக் கெடக்குது. இப்ப நானே போய் வலை போட்டாலும் கெடைக்கும். தண்ணி எறங்கட்டும், அதுவரைக்கும் அது பெத்துக்கட்டும்."

பன்னிரண்டரைக்குக் கரை சேர்ந்தோம். எங்கே போனோம் என்று பழனிச்சாமி கரையிலிருந்தே பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார்.  பரிசலை ஒற்றைக் கையால் இழுத்துக் கவிழ்த்துப் போட்டார். அவர்கள் வீட்டில் ஜிலேபிக் குழம்பும் சோறும் சாப்பிட்டேன். இரண்டரைக்கு ஆட்டோ வந்தது.

கோவையில் என் வீட்டிலிருந்து ஏழு நிமிட நடையில் ஒரு குளம் இருக்கிறது. சுற்றிலும் கல் பதித்த கரை, நடைபாதை, விளக்குகள். தண்ணீரில் காலூன்றி நின்ற மரம் ஒன்றுகூட இப்போது இல்லை. அங்கே ஜிலேபி மட்டும் மிஞ்சியதற்குச் சாக்கடைதான் காரணம் என்று வகுப்பில் பல வருடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் ஒரு குஞ்சு மீன் ஒதுங்க அங்கே ஒரு கிளைகூட இல்லை என்பதை, தினமும் அதைச் சுற்றி நடந்தும், நான் கவனித்ததில்லை.

அறிக்கையில் பதினான்கு பெயர்களையும் எழுதினேன். இடம் என்ற கட்டத்தில் 'வடகரை, மூழ்கிய முள்காடு' என்று மட்டும் போட்டேன். மீன்பிடிப்பு இல்லாததற்குக் காரணம் என்ற கட்டத்தில் 'உள்ளூர் வழக்கம்' என்று எழுதினேன். அதற்கு மேல் அங்கே எழுத எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

இந்தக் கட்டுரையில் வழியிலுள்ள சில ஊர்ப்பெயர்களை மாற்றிவிட்டு, அச்சுக்குக் கொடுக்குமுன் ராசாத்திக்குத் தொலைபேசியில் படித்துக்காட்டினேன். முழுவதும் கேட்டார். தன்னைப் பற்றி எழுதியதற்கு மறுப்பு சொல்லவில்லை. ஒன்றுதான் குறையாகப் பட்டது அவருக்கு.

"எல்லார் பேரும் இருக்குதுங்க டீச்சர். அவர் பேர் இல்லியே."

அவர் பெயர் சின்னராசு.