பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஒரு டின்

கட்டுமாவடியில் என் மச்சானின் மீன்கடையில், தராசுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை நிற பீர் டின் நிற்கிறது. மேல்மூடியை வெட்டியெடுத்துவிட்டு அதில் பேனா போட்டு வைத்திருக்கிறார். அதைத் தூக்கியெறியச் சொல்லி நான் அவரிடம் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன். அதிலிருந்த பீரைக் காய்ச்சியவன் நான். சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் என் மானத்தை வாங்கியதும் அதுதான்.

மச்சான் என் மனைவிக்கு அண்ணன். வங்கி வேலையை உதறிவிட்டுப் பெங்களூரில் ஒரு சின்ன பீர் ஆலையில் நான் சேர்ந்தபோது, பெண் கொடுத்த வீட்டில் யாரும் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் ஒருவர்தான் எனக்காக வாதாடினார். "எங்க மாப்ளே எதையும் அரைகொறையாச் செய்ய மாட்டாரு" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நன்றியில்தான், முழுக்க என் பொறுப்பில் காய்ச்சிய முதல் பீரில் ஒரு டின்னை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹாப்ஸ் என்ற பூவை அள்ளிப் போட்டுச் செய்தது. கசப்பும் வாசனையும் அந்தப் பூவிலிருந்துதான் வருகின்றன. நாள்பட்டாலும் கசப்பு நிற்கும், வாசனை நிற்காது. குளிரில் வைக்காவிட்டால் சில வாரங்களிலேயே பறந்துவிடும். எங்கள் தொழிலில் இது முதல் பாடம். அதை அவரிடம் சொல்லத் தோன்றாத மடையன் நான்.

எங்கள் பக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து யாராவது மதுச் சீசா கொண்டுவந்தால் அது நேராகப் பீரோவுக்குப் போகும். பட்டுப்புடவைகளுக்கு நடுவே, நல்ல நாள் வரும்வரை பத்திரமாக இருக்கும். என் டின்னுக்கும் அந்த மரியாதை கிடைத்தது. ஏழு மாதம் கழித்து, அவர் கட்டிய புதுவீட்டின் கிரகப்பிரவேசத்தன்று, பந்தி முடிந்ததும் ஆண்களையெல்லாம் தென்னந்தோப்புக்கு அழைத்துப்போய், ஆளுக்கொரு வாய் என்று அவரே ஊற்றினார். மூடியைத் திறந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. வாசனை செத்திருந்தது. நனைந்த அட்டைப்பெட்டி நெடியும் நாக்கில் ஒட்டும் கசப்பும்தான் மிச்சம். மனைவியின் பெரியப்பா கீழே துப்பிவிட்டு, "பேங்க் வேலைய விட்டுட்டு இந்தக் கசாயத்தத்தான் காச்சுறாரா ஒங்க மாப்ளே?" என்றார். தோப்பே சிரித்தது. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. தன் பங்கை முகம் சுளிக்காமல் குடித்து முடித்து, "நல்லாத்தான இருக்கு" என்றார். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனாலும் ஒரு மீனைப் பற்றிக்கூடப் பொய் சொல்லாத மனிதர் அவர். எனக்காகச் சொன்னார். பெரியப்பாவின் கேலியை மறந்துவிட்டேன், இதை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த மாதம் என் மகளின் பிறந்தநாளுக்கு, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வஞ்சிரமும் இறாலும் எடுத்துக்கொண்டு பெங்களூர் வந்தார். ஐஸ் குறைந்திருக்கிறதா என்று வழியெல்லாம் திறந்து திறந்து பார்த்தாராம். அவரைக் கையோடு ஆலைக்கு அழைத்துப்போனேன். அதே பீர்தான், அன்று காலையில் தயாரானது. டேங்கிலிருந்து நேராகக் கண்ணாடி டம்ளரில் பிடித்துக் கொடுத்தேன். குளிரில் வைக்காததால்தான் அந்த டின் கெட்டது என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். மீனின் செவுளைத் தூக்கி முகர்ந்து பார்ப்பவர் அல்லவா, டம்ளரையும் முதலில் மூக்குக்குத்தான் கொண்டுபோனார். கசக்கிய நார்த்தை இலையும் பழுத்த மாம்பழமும் சேர்ந்த வாசனை எனக்கே எட்டியது. ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன் மாப்ளே. இன்னிக்கு நெசமாச் சொல்றேன், அருமையா இருக்குங்க."

சொன்னவர் உடனே பெரியப்பாவுக்குப் போன் போட்டார். "ஐஸ் இல்லாம ஏழு மாசம் வச்சா வஞ்சிரமே நாறும் பெரியப்பா! தப்பு என்னோடது. எங்க மாப்ளே காச்சுறத இங்கிட்டு வந்து குடிச்சுப் பாத்துட்டுப் பேசுங்க!" ஆலை முழுக்கக் கேட்கும்படி அவர் கத்தியபோது, ஊரையே ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

போன வாரம் கட்டுமாவடிக்குப் போயிருந்தேன். ஒரு ஹோட்டல்காரர் மீனை அழுத்திப் பார்த்து, "நேத்து வந்ததா?" என்று கேட்டார். மச்சான் பேனாக்களைக் கொட்டிவிட்டு அந்தப் பச்சை டின்னைத் தூக்கிக் காட்டினார்.

"இது எங்க மாப்ளே காச்சுனதுங்க. தங்கமான சரக்கு. நாந்தான் பீரோவுல வச்சுக் கெடுத்தேன். அதப் பாத்துக்கிட்டே நேத்து மீன எப்புடிங்க விப்பேன்?"

இப்போதெல்லாம் அந்த டின்னைத் தூக்கியெறியச் சொல்வதில்லை. ஹோட்டல்காரர் போனதும், கீழே கிடந்த பேனாக்களைப் பொறுக்கி நானே அதில் போட்டேன்.