லைப்ரரி புதுசு, ஃபோல்டர் காலி

பந்தல்காரன் எந்தக் கம்பை எப்போது உருவுவான் என்று தெரியாமலே பந்தி பரிமாறுகிற வேலை எங்களுடையது. இதே வேலையில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, கேளுங்கள்.

அனுப்பர்பாளையம் ஆபீஸ் சர்வரில் இருக்கும் பனியன் டிசைன்களை, மங்கலத்து பிரிண்டிங் யூனிட் கம்ப்யூட்டரில் சாதாரண ஃபோல்டர் மாதிரி காட்டுகிறது எங்கள் புரோகிராம். அந்த மாயத்தைச் செய்வது எங்கோ யாரோ எழுதிவைக்கும் ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்தக் கோடுத் தொகுப்பு. அது வெர்சன் மாறினால் நாங்களும் மாறியாக வேண்டும்.

சின்ன மாற்றம்

புது வெர்சனில் பாதி ஃபங்ஷன்களுக்குக் கூடுதலாக ஒரு விவரம் கொடுக்க வேண்டுமாம். அறிவிப்பில் 'சின்ன மாற்றம்' என்று ஒரே வரி. எங்கள் புரோகிராம் கோடு தலையிலிருந்து கால்வரை உடைந்தது. சரிசெய்ய இரண்டு வாரம் கேட்டேன். கோடு எழுதுவதை மறந்து வெகுநாளான மேனேஜர் என் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார்.

"ஒரு கமா போட்டு இன்னொண்ணச் சேக்கறதுதானுங்க தம்பி? டீ வர்றதுக்குள்ள முடிச்சுருங்க."

கேட்டுக்கிட்டே கெடந்துச்சு

டீ பல தடவை வந்துபோனது. நான் முடிப்பதற்குள் மங்கலத்து கம்ப்யூட்டரில் யாரோ அப்டேட் கொடுத்துவிட்டார்கள். பழைய லைப்ரரி போய்விட்டது, எங்கள் புரோகிராம் எழவே இல்லை. இந்த ஆர்டர் முடிவதற்குள் இன்னொரு தடவை நின்றால் எங்களைக் கழற்றிவிடுவதாக யூனிட் முதலாளி போனில் சொன்னார். மிரட்டலைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொன்னார்.

அப்டேட்டை அமுக்கியவர் அந்த யூனிட் டிசைன் செக்‌ஷன் செல்வின் அண்ணன், தூத்துக்குடிக்காரர். ஏன் அண்ணா என்றேன்.

"அது தெனமும் கேட்டுக்கிட்டே கெடந்துச்சுல்லா தம்பி. எத்தன நாளைக்குத்தான் வேண்டாம்னு சொல்லுவேன்?"

மேலே உட்கார்ந்தது

அரக்கப்பரக்க வேலையை முடித்து, மங்கலத்துக்கு நேரில் போய்ப் புரோகிராமை மாட்டினேன். சர்வர் டிசைன்கள் வரிசையாக வந்தன. நான் நெஞ்சை நிமிர்த்த, செல்வின் அண்ணன் முகம் வெளுத்தது. புரோகிராம் நின்றிருந்தபோது அந்த ஃபோல்டர் காலியாகத்தானே கிடந்தது? மூன்று நாள் உட்கார்ந்து திருத்தி, ஆர்டர் கொடுத்த பையரிடம் ஓகே வாங்கிய நெஞ்சு பிரிண்டை அதற்குள்தான் போட்டு வைத்திருந்தார். வேறு காப்பி கிடையாது. இப்போது அதைக் காணோம். மேஜையில் துணி விரித்தபடி அந்தப் பிரிண்டுக்காக ஆட்கள் நின்றார்கள்.

ஃபோல்டருக்குள் ஏதாவது இருந்தால் பழைய வெர்சன் உள்ளே வர மாட்டேன் என்று கத்தும். புதுசு ரொம்ப நாகரிகம். உள்ளே இருப்பதை மறைத்து, சத்தமில்லாமல் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதைச் சோதிக்காமல் கொண்டுபோனவன் நான்தான். புரோகிராமை நிறுத்தினேன். அடியில் கிடந்த பிரிண்ட் அப்படியே வெளியே வந்தது.

"எங்கயும் போகலீங்க, அடியிலதான் இருந்துச்சுங்க" என்றேன், பெரிதாகச் சாதித்த மாதிரி. பக்கத்தில் நின்றிருந்த யூனிட் முதலாளி சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து, முதல் வேலையாக அதைக் காப்பி செய்தார்.

"ரொம்ப சந்தோசமுங்க கண்ணு. உங்க புரோகிராமத் திருப்பி மாட்டாதீங்க. பென் டிரைவுக்குப் புது வெர்சன் வர்றதில்லீங்க."

இன்றைக்குப் புது லைப்ரரியில் எங்கள் புரோகிராம் ஒரு குறையுமில்லாமல் ஓடுகிறது, எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும்.