பெரியம்மாவும் புது மாப்பிள்ளையும்

லிப்ட்காரர் என்றால் அந்தக் குடியிருப்பில் தெரியாதவர்கள் இல்லை. லிப்ட் நடுவழியில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு முதலில் கேட்பது பழுது பார்க்க வரும் அவர் குரல்தான். "பயப்படாதீங்க! இது ஒத்தைக் கயித்துல தொங்கல. ஒண்ணு போனாலும் மத்தது தாங்கும்!" என்று கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து கத்துவார். கேட்டவர்களுக்குப் பயம் தெளிந்ததோ கூடியதோ, சொன்னவருக்கு அதில் பரம திருப்தி.

வீட்டுப் படம், பாட்டு எல்லாம் சேமித்து வைக்க அவர் அமைத்திருந்த கம்ப்யூட்டர் சர்வரும் இதே புத்தியில் பிறந்ததுதான். துணி அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து, பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றை உள்ளே தள்ளி, அங்கே இங்கே கிடைத்த ஹார்ட் டிஸ்குகளை அதில் அடுக்கியிருந்தார். மகளின் பள்ளி நாடகம், மச்சினன் கல்யாணம், பாட்டு, படம், எல்லாம் அதற்குள். வெளியே பார்த்தால் ஒரே ஒரு போல்டர். அதில் எதைப் போட்டாலும், எந்த டிஸ்கில் இடம் அதிகமோ அங்கே கொண்டுபோய் அதுவே வைத்துவிடும்.

"பாரத்தப் பிரிச்சு விட்டாச்சு. ஒண்ணு படுத்தாலும் மத்ததுல இருக்கிறது பத்திரம்" என்பார். படுத்ததில் இருந்தது என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. இன்னொரு நகல் எடுத்து வைக்கவேண்டும் என்று அவருக்கும் தெரியும்தான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று அது போய்க்கொண்டே இருந்தது.

டிஸ்குகளுக்குப் பட்டப்பெயர் வைத்தது அவர் மனைவி. இருப்பதிலேயே பழையது, எந்நேரமும் முனகிக்கொண்டே வேலை செய்வது, பெரியம்மா. ஒரே அளவில் இருந்த இரண்டும் இரட்டையர். கடைசியாக வாங்கிய பெரியது, பளபளப்பானது, சத்தமே போடாதது, புது மாப்பிள்ளை. "வந்த அன்னிக்கே என்ன ராஜ உபசாரம்! எதக் கொண்டுவந்தாலும் முதல்ல மாப்பிள்ளைக்குத்தான்" என்று அவள் நொடித்தாள். உண்மையும் அதுதான். மாப்பிள்ளையிடம்தான் இடம் கொட்டிக் கிடந்தது. எனவே புதிதாக வந்ததெல்லாம் நேரே அங்கேதான் போயிற்று.

அவளுக்கு மட்டும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. தன் பாட்டுகளைப் பொதுப் போல்டரில் போடாமல், நேரே பெரியம்மா டிஸ்கைத் திறந்து உள்ளே வைத்துவிடுவாள். அப்படி வைத்தாலும் பொதுப் போல்டரில் அது தெரியத்தான் செய்யும். ஆனால் இவருக்குப் பொறுக்காது. "தலைவாசல் இருக்கும்போது கொல்லை வழியா ஏன் போற? எங்க வைக்கணும்னு அதுக்குத் தெரியும்" என்பார். அவள் சிரித்துவிட்டுச் சரி என்பாள். அத்தோடு அந்த வழக்கத்தை விட்டுவிட்டாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

பஸ் கம்பெனியின் புகார் கவுன்டரில் அமர்ந்து, சண்டைக்கு வந்தவர்களைச் சிரிக்க வைத்து அனுப்பிய வாய் அவளுடையது. அந்த வாய் ஒரு நாள் காலையில் நின்றுபோனது. மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். இழுத்துக்கொண்ட வலது கை மெல்ல மெல்லத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. சொல்ல வேண்டியது முழுவதும் மனசுக்குள் தெளிவாக இருக்கும். சொல் மட்டும் வந்து சேராது.

பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாள்தான் அந்த யோசனையைச் சொன்னார்: வாரம் ஒரு முறை பேச வைத்து வீடியோ எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜன்னல் ஓரத்து நாற்காலியில் அவளை உட்கார வைத்து இவர் போனில் எடுப்பார். அதைச் சர்வரில் ஏற்றிவிட்டுப் போனிலிருந்து அழிப்பது அவள் வேலை. விரலுக்கும் அது பயிற்சி. முதல் வீடியோவில் அவள் வாயிலிருந்து வந்தது ஒரே சொல். "தண்ணி." அதற்கே நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

மனசு உடைந்துபோகும் நாட்களில் அவள் அந்த முதல் வீடியோவைப் போட்டுப் பார்ப்பாள். பிறகு சென்ற வாரத்து வீடியோ. "அப்போ... இப்போ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து, கண்ணாடி முன் போய்ப் பயிற்சியைத் தொடங்குவாள். வேறு யார் சொன்ன ஆறுதலும் அவளிடம் எடுபடவில்லை. அந்த வீடியோக்களைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மேலே ஏறிக்கொண்டிருந்தாள்.

அப்படி இருக்கையில்தான் அலமாரிக்குள்ளிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். பெரியம்மாதான் கடைசி மூச்சு விடுகிறாள் என்று நினைத்துக் கதவைத் திறந்தார். பெரியம்மா வழக்கம்போல முனகிக்கொண்டிருந்தாள். சத்தம் வந்தது மாப்பிள்ளையிடமிருந்து. உடனே சர்வரை நிறுத்தினார். அவள் படுக்கையில் விழுந்ததற்கு முந்தின மாதம்தான் மாப்பிள்ளை வந்தது. அதன்பின் வந்ததெல்லாம் அதற்குள்தானே போயிருக்கும்? ஞாயிற்றுக்கிழமை வீடியோக்கள் அத்தனையும்! லிப்ட்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் டிஸ்கைத் துணியில் சுற்றிக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் ஓடினார். அவர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உள்ள தட்டே கீறிப்போச்சுங்க. எவ்வளவு செலவு பண்ணாலும் இதுல எடுக்க ஒண்ணும் இல்ல. வேற எதுலயும் நகல் இல்லையா?"

இவர் டிஸ்கை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் திறந்து கிடந்த அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பெட்டியில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினாள். பிறகு இவர் முகத்தைப் பார்த்தாள்.

"நான்..." என்று தொடங்கினாள்.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. உன் மேல தப்பே இல்ல" என்றார் அவசரமாக.

அவள் இல்லை என்று கையை அசைத்தாள். "அதுல..."

"அதுல ஒண்ணுமில்ல, பழைய படம்தான். போனா போகுது. நீ போய் உக்காரு."

அட மனுஷா, கொஞ்சம் வாயை மூடேன்! ஆனால் அவர் எப்போதுமே அப்படித்தான். அவள் சொல்லுக்குத் தவிப்பதைப் பார்க்க முடியாமல், பாதி வாக்கியத்தைத் தானே முடித்துவிடுவார். அது அன்பு என்று நினைத்திருந்தார். அவளோ அவர் முடித்ததற்கெல்லாம் சலிப்போடு தலையாட்டப் பழகியிருந்தாள்.

அன்றைக்கு அவள் தலையாட்டவில்லை. நகராமல் அங்கேயே நின்றாள். அவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உடைந்து அழுதுவிட்டார். "பொய் சொல்லிட்டேன்மா. எல்லாம் போச்சு. உன் முதல் வீடியோலேர்ந்து எல்லாமே போச்சு. நகல் எடுக்காம விட்ட முட்டாள் நான். இனிமே நீ எதப் பாத்து..."

அவள் எட்டி அவர் வாயைப் பொத்தினாள். திரும்பி வந்த அதே வலது கை. விரல்கள் நடுங்கின, ஆனால் பிடி அழுத்தமாக இருந்தது.

"நான்..." என்றாள். நின்றாள். மூச்சு வாங்கினாள். எதிர்வீட்டில் யாரோ துணியை உதறி, கொடியில் மாட்டி முடிக்கும் வரை அடுத்த சொல் வரவில்லை. "மாப்பிள்ளைய... நம்பல."

அவர் ஏதோ சொல்ல வந்தார். கை இன்னும் அழுத்தியது.

"எல்லாம்... பெரியம்மா... கிட்ட... வெச்சேன்."

கொல்லை வழி! விழுந்தடித்துக்கொண்டு சர்வரை முடுக்கினார். அவசரத்தில் கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தார். பெரியம்மா முனகினாள், இருமினாள், கடைசியில் திறந்தாள். உள்ளே ஞாயிற்றுக்கிழமைகள் வரிசையாக இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. முதலாவதைத் திறந்தார். ஜன்னல் ஓரத்து நாற்காலியில், கோணிய வாயோடு, வேர்த்த நெற்றியோடு அவள். "தண்ணி."

இருவரும் சேர்ந்து அழுதார்கள். பிறகு அவள் அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் புகார் கவுன்டரின் பழைய குறும்பு அப்படியே இருந்தது.

அன்று மாலையே அவர் கடைக்குப் போய் வேறொரு டிஸ்க் வாங்கி வந்தார். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அதை அவள்தான் வைக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல நாற்காலி, ஜன்னல், போன். இந்த வாரம் என்ன நடந்தது என்று கேட்டார். அவள் யோசித்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"இவர்... நான் பேசி... முடிக்கிற வரைக்கும்... கேட்டார்."

அவர் போனைப் பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வீடியோவில் அவள் முகம் கொஞ்சம் கலங்கித்தான் தெரியும்.

எடுத்து முடித்ததும், "இத எதுல போடலாம்? பெரியம்மாகிட்டயா, புதுசுலயா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதில் நுனிநாக்கு வரை வந்தும், வாயைத் திறக்காமல் காத்திருந்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவசரமே படவில்லை.

"ரெண்டு... லயும்" என்றாள்.