ஜெயகுமாரியின் கடைசி சர்க்கரைக் கணக்கு

ஜெயகுமாரிக்குக் கியூபா என்றாலே அலுத்துவிட்டது. அந்த நாட்டை அவள் பார்த்ததில்லை, இனிமேல் பார்க்கப் போவதுமில்லை. ஆனாலும் இருபது வருடங்களுக்கு மேலாக, நியூ ஜெர்சியில் ஒரு சின்னச் சந்தை ஆய்வுக் கம்பெனிக்காக, அந்தத் தீவின் சர்க்கரைக் கணக்கைக் கட்டி வந்தாள். விளைந்தது எவ்வளவு, கப்பலில் வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, கிடங்கில் மிச்சம் எவ்வளவு. இப்போது ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கட்டினாலும் கணக்கு அதேதான்.

ஒரு காலத்தில் உலகத்துக்கே சர்க்கரை அனுப்பிய நாடு. அவள் வேலைக்குச் சேர்ந்த சமயத்திலேயே ஆலைகளை மூட ஆரம்பித்திருந்தார்கள். அப்புறம் வருடா வருடம் இறங்குமுகம்தான். டீசல் இல்லை, உரம் இல்லை, வெட்ட ஆள் இல்லை. கடைசியில் தன் ஜனங்களுக்கே வெளியிலிருந்து சர்க்கரை வாங்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு அறிக்கையிலும் "அடுத்த அறுவடையில் சற்று முன்னேற்றம் எதிர்பார்க்கப்படுகிறது" என்று எழுதி எழுதி அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஜனங்கள் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று யாரும் போய் அளப்பதில்லை. மற்ற வரிசைகளை நிரப்பிவிட்டு, கணக்கு நேராவதற்கு எது வேண்டுமோ அதை "நுகர்வு" என்ற வரிசையில் போட்டுவிடுவார்கள். சரக்கு வரத்து குறைந்தால் நுகர்வும் குறைந்ததாக ஆகிவிடும். இல்லாமை என்று ஒரு வரிசை எந்த ஷீட்டிலும் கிடையாது.

இதுதான் அவளுடைய கடைசி அறிக்கை. மாதக் கடைசியில் ஓய்வு. அதற்கப்புறம் கியூபாவுக்குத் தனி இடமில்லை, "மற்ற நாடுகள்" கூட்டத்தில் சேர்த்துவிடப் போகிறார்கள். ஆக, அந்தத் தீவைப் பற்றிக் கம்பெனி சொல்லப்போகும் கடைசி வார்த்தை அவள் எழுதுவதுதான்.

மத்தியானம் டீம் தலைவன் மாதவ் கூப்பிட்டான். மீட்டிங்கில் அவளை "ஜெயா" என்பான், தனியாகப் பேசினால் "ஆன்ட்டி".

"ஆன்ட்டி, கன்சம்ப்ஷன் லைன் ஸ்டெடியா இறங்கிட்டே போகுதே, ஹெல்த் அவேர்னஸா இருக்குமோ? அதைப் பத்தி ஒரு லைன் ஆட் பண்ணிடுங்க. ஜூஸ் கம்பெனி கிளையன்ட் ஆசையா கேக்கறாங்க. நாளைக்குக் காலைல அனுப்பணும்."

முன்பென்றால் சண்டைக்கு நின்றிருப்பாள். இப்போது முதுகு வலித்தது. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு எழுதினாள்: கியூப மக்கள் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். எழுதிவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

சாயங்காலம் குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்க வெளியே வந்தபோது, எதிர்வீட்டு யோலாண்டா கராஜில் ஒரு சூட்கேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் அம்மாவைப் பார்க்கக் கியூபா போகிறாள். ஜெயகுமாரி ஒரு கை கொடுக்க, பெட்டி எடைமெஷினில் ஏறியது. எடை கூடுதலாகக் காட்டியது. யோலாண்டா பெட்டியைத் திறந்து தன் ஷூவை வெளியே வைத்தாள், பிறகு தன் உடுப்புகளை. துவாலைகளுக்கு நடுவே பொட்டலம் பொட்டலமாக வெள்ளைச் சர்க்கரை. அதில் ஒன்றைக்கூட அவள் எடுக்கவில்லை.

கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். "கரும்பு விளையிற ஊருக்கா சர்க்கரை கொண்டுபோற?" என்று ஜெயகுமாரி ஆங்கிலத்தில் கேட்டாள்.

யோலாண்டா சொன்னதும் ஆங்கிலத்தில்தான். "எங்கம்மா வீடு ஆலைக்குப் பின்னாலதான். ஆலை மூடி எவ்வளவோ காலமாச்சு. ரேஷன்ல சர்க்கரை எப்ப வரும்னு தெரியாது. போன்ல கேட்டா, 'நான் சர்க்கரையையே விட்டுட்டேன், டாக்டர் வேண்டாம்னுட்டார்'னு சொல்றாங்க. அவங்களுக்கு ஒரு வியாதியும் இல்ல. நான் கவலைப்படக் கூடாதுன்னு சொல்ற பொய்."

ஜெயகுமாரிக்குச் சுருக்கென்றது. அதே பொய்யைத்தான் மத்தியானம் அவளும் எழுதியிருந்தாள். அந்த அம்மாவாவது மகள்மேல் உள்ள பாசத்தில் சொன்னாள். இவள் யாருக்காகச் சொன்னாள்? வீட்டுக்குள் வரும்போது தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

கணவர் ஞானசீலன் சர்க்கரை நோயாளி. இனிப்பில்லாத காபியை மருந்து குடிப்பதுபோல் குடித்துக்கொண்டிருந்தார். "மறுபடியும் லேப்டாப்பா? ரிட்டயர் ஆகப் போறவ மாதிரியா இருக்கே?"

அவள் மத்தியானம் எழுதிய அறிக்கையைத் திறந்தாள். அந்த வரியை அழித்தாள். நுகர்வு வரிசையில், ஜனங்களுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டியிருக்கும் என்பதைப் போட்டாள். கணக்கு நேராகவில்லை, பெரிய பள்ளம் விழுந்தது. பள்ளத்துக்குப் பக்கத்தில் "கிடைக்காதது" என்று குறித்து, மாதவுக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டாள்.

"அவங்க குறைக்கலப்பா. அவங்களுக்குக் கிடைக்கல."

"அது ஓகே ஆன்ட்டி, ஆனா ஷீட் டேலி ஆகலையே. செவப்பா காட்டுது. உங்க லாஸ்ட் ரிப்போர்ட் வேற."

"காட்டட்டும்."

"கிளையன்ட் கேட்டா நான் என்ன சொல்றது?"

"அங்க சர்க்கரை இல்லன்னு சொல்லு."

"சரி, அனுப்பறேன். ஆனா அந்தக் குறிப்பு கீழ குட்டி எழுத்துலதான் வரும்."

"வரட்டும்ப்பா."

ஜெயித்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. குட்டி எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள்? படுத்தால் போதும் என்றிருந்தது.

ஓய்வு பெற்ற வாரம் யோலாண்டாவிடமிருந்து செய்தி வந்தது. ஜெயகுமாரி அதை ஞானசீலனுக்குத் தமிழில் சொன்னாள்:

"போய் இறங்கினதும் அம்மாவுக்குக் காபி போட்டுக் கொடுத்தாளாம். அவங்க நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கினாங்களாம். 'டாக்டர் வேண்டாம்னாரே'ன்னு இவ கேட்டிருக்கா."

"அதுக்கு?"

"'எந்த டாக்டர்?'னாங்களாம்."