திறந்த குழியும் பூசணி விளக்கும்

இலையுதிர் காலத்தில் எங்கள் ஊரில் வாசலுக்கு வாசல் பூசணிக்குள் விளக்கேற்றி வைக்கிறார்கள். அது ஏன் என்று விளக்க விழாக்குழு இந்த ஆண்டு ஒரு கையேடு அச்சடித்தது. தெரு பெருக்கிய ஒரு கிழவியின் பேய் சாக்கடைக் குழியிலிருந்து வந்து, போகிறவர் காலைப் பிடித்து இழுக்குமாம். அதை விரட்டத்தான் விளக்காம். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பேய் என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி உயிரோடு இருக்கிறார். வயது எழுபத்தெட்டு.

அந்த அக்கா இருபத்தொன்பது ஆண்டுகள் அஞ்சலகத் தெருவைப் பெருக்கியவர். நான் நகராட்சியில் புகார்ப் பதிவேடு எழுதியவன். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் அத்தெருவில் மூன்று குழிகளின் இரும்பு மூடிகள் திருட்டுப் போயின. இலை விழுந்து மூடியபின் குழி எது, தரை எது என்று தெரியாது. அக்கா ஆறு முறை வந்து புகார் சொன்னார். ஆறையும் தேதியிட்டு எழுதி மேலே அனுப்பினேன். ஒரு மூடிகூட வரவில்லை.

ஏழாம் முறை முழங்கைவரை சேற்றோடு வந்து நின்றார்.

"தபால்காரர் விழுந்துட்டார் சார். நான்தான் இழுத்து வெளியே போட்டேன். கணுக்கால் போச்சு. இதையும் முத்து முத்தா எழுதி வச்சுக்குங்க."

மறுநாள் சந்தையில் கழித்துப் போட்ட மூன்று பூசணிகளைக் குடைந்து, துளையிட்டு, உள்ளே மெழுகுவத்தி ஏற்றி, குழிக்கு ஒன்றாக வைத்தார். காற்றுக்கு அணையாது, தெரியாமல் மோதினாலும் காலில் அடிபடாது. அடுத்த ஆண்டு மூடிகள் வந்துவிட்டன. ஆனாலும் தெருக்காரர்கள் ஆசையாகத் தங்கள் வாசலில் வைக்கத் தொடங்கினார்கள். கதை இவ்வளவுதான்.

பதிவேட்டின் நகலோடு அக்காவையும் அழைத்துக்கொண்டு குழுச் செயலாளரிடம் போனேன்.

"சாக்கடை மூடிக் கதைக்கு யாருங்க ஐயா கூட்டம் வரும்? பேய்னாதான் ஜனம் வரும். வேணும்னா நல்ல பேய்னு மாத்திடலாம்" என்றார் அவர்.

"ஏன் தம்பி, விழுந்தவரைத் தூக்கினவ நான். தள்ளிவிட்டவளாக்கிட்டியே!" என்றார் அக்கா. "பேய் ஓடிப்போச்சுன்னு போட்டிருக்கியாமே. திறப்பு விழாவுக்கு மேடையில முதல் நாற்காலியில வந்து உக்காரறேன். விரட்டிப் பாரு!"

செயலாளருக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் இரண்டாயிரம் பிரதிகள் அச்சாகிவிட்டன, மறுபடி அடிக்க முடியாது என்று கையை விரித்தார்.

"அப்ப அந்தக் கையேட்டுக் கட்டுகளை இங்க இறக்கு. பேனா கொடு" என்றார் அக்கா.

மூன்று நாள் அந்த அலுவலக அறையிலேயே உட்கார்ந்தோம். பேய் பற்றிய நான்கு வரிகளை அவர் அழுத்தி அழுத்திக் கோடு போட்டு அடிக்க, ஓரத்தில் நான் நடந்ததை எழுதினேன். ஆயிரத்து நூற்று நாற்பது பிரதிகள் முடிந்தபோது விழா வந்துவிட்டது. மீதியை அப்படியே விற்றுவிட்டார்கள். அந்த எண்ணூற்று அறுபதில் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், ஏழாம் பக்கத்தை எடுத்து அந்த நான்கு வரிகளை அடித்துவிடுங்கள்.